வெட்டவெளியில் ஒரு கைவினைக் காட்சி

கிராமத்தில் உருவாகும் எந்தப் பொருளுக்கும் செய்பவர், விற்பவர், வாங்குபவர் என மூவர் உண்டு. இவர்களுள் செய்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் காணாமலே காலங்கழிப்பது நமது கிராமக் கைத்தொழில்களின் நெடுநாளைய குறை. தம் கைப்பொருள் நகரத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பதைச் செய்பவர் அறியார். அதற்குச் செலவான உழைப்பை வாங்குபவர் அறியார். இக்குறையைப் போக்கப் பெரிய கட்டடமோ பெரும்பணமோ வேண்டுவதில்லை. சில கயிறுகளும், நிழலுள்ள ஒரு தெருவும், ஊராரின் ஒத்துழைப்புமே போதும்.

இதற்குச் சான்று கடல் கடந்த ஒரு சிற்றூரில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த சிஸ்டர்ஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 3,000 மக்களே வாழ்கின்றனர். 1975ஆம் ஆண்டில் அவ்வூரில் தையல்துணிக் கடை நடத்திய பெண்மணி ஒருவர் பன்னிரண்டு ஒட்டுப்போர்வைகளைக் கடைக்கு வெளியே தொங்கவிட்டார். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, அடுக்கடுக்காக வைத்துத் தைத்த போர்வைகள் அவை. அன்று தொடங்கிய வழக்கம் வளர்ந்து, ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை நடைபெறும் பெருங்காட்சியாகிவிட்டது. ஊர்ச் சுவர்களிலும் தாழ்வாரங்களிலும் நூற்றுக்கணக்கான போர்வைகள் தொங்குகின்றன. காட்சிக்கெனத் தனி மண்டபம் கிடையாது, ஊரே மண்டபம்.

இது நமக்கு ஒவ்வாத அயல்நாட்டு வழக்கம் என்று சிலர் கருதலாம். பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. வங்காளத்துப் பெண்கள் இவ்வாறு பழந்துணிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட ‘காந்தா’வும், பீகாரின் ‘சுஜனி’யும் இன்று புவிசார் குறியீடு பெற்று, பல குடும்பங்களுக்கு வருமானம் தருகின்றன. வீட்டிற்குள் கிடந்த கந்தல், வெளிச்சத்திற்கு வந்தபின் கலைப்பொருளாயிற்று.

முத்துக்கரைக்கும் வெட்டவெளி விற்பனை புதிதன்று. முத்துக்குளிப்புக் காலத்தில் தூத்துக்குடியின் மணற்பரப்பில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு தற்காலிக ஊரே எழும்பும். கரைசேர்ந்த சிப்பிகளைக் குவியல்களாகப் பிரித்து, குளிப்பாளரின் பங்கை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அரசின் பங்கை ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். பொருளும் விலையும் அனைவர்க்கும் தெரிந்தன. கடைசிப் பெருங்குளிப்பு 1961ஆம் ஆண்டில் நடந்தது. அதன்பின் சிப்பிப் படுகைகள் பழைய வளத்தை அடையவில்லை. முத்து குறைந்தாலும், பொருளை யாவரும் காணுமாறு பரப்பி, விலையை யாவரும் கேட்குமாறு கூறும் அந்த நன்முறையை நாம் கைவிட வேண்டியதில்லை.

இக்கரையில் காட்சிக்கு வைக்க என்ன இருக்கிறது? திருச்செந்தூர் வட்டத்தைச் சேர்ந்த மணப்பாட்டைப் பாருங்கள். கடலோரத் திருச்சிலுவைக் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூரில், பெண்கள் பனையோலையில் பெட்டி, கொட்டான், விசிறி முதலியவற்றை முடைகின்றனர். கூட்டுறவு முறையிலும் இத்தொழில் நடந்து வந்துள்ளது. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமுள்ள நறுக்குகளாகக் கிழித்து, சாயநீரில் கொதிக்கவைத்து, மீண்டும் உலர்த்திய பின்னரே முடைதல் தொடங்கும். முடைவது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முந்தைய உழைப்போ எவர் கண்ணிலும் படுவதில்லை.

விலைக் குறைவுக்குக் காரணம் இதுவே. ஒரு பெட்டிக்கு ஓலை, சாயம், விறகு ஆகியவற்றிற்கு 60 ரூபாய் செலவாகி, வேலைக்கு ஒரு முழுநாள் செல்கிறது என்று கொள்வோம். அதை 200 ரூபாய்க்கு விற்றால், முடைந்தவருக்கு நிற்பது 140 ரூபாய். அதே ஊரில் வயல் வேலைக்குக் கிடைக்கும் நாட்கூலியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். கூலி குறைந்தால் மகள் தாயின் தொழிலைக் கற்க மாட்டாள். ஒரு தலைமுறை கல்லாது விட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆளிருக்காது. ஆகவே காட்சியில் பெட்டியை மட்டும் வைத்தால் போதாது. ஓலை கிழிப்பதையும் சாயமேற்றுவதையும் மக்கள் முன்னிலையில் செய்து காட்ட வேண்டும். உழைப்பைக் கண்டவர் பேரம் பேசத் தயங்குவர்.

காட்சி நடத்த விரும்பும் ஊராட்சிகள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது காலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இக்கரைக்கு மழைக்காலமாதலின் ஏற்றவையல்ல. தை, மாசி மாதங்கள் நலம். திருவிழாவை ஒட்டி நடத்தினால் கூட்டம் தானே சேரும். இரண்டாவது காற்று. பிற்பகலில் கடற்காற்று வலுக்குமாதலால் காலை வேளையே சிறந்தது. போர்வையை முனைகளில் மட்டும் கட்டித் தொங்கவிட்டால் துணி கிழியும். மேல்விளிம்பில் குழல்போல் தைத்து, அதனுள் மூங்கிற்கழி நுழைத்தால் எடை சமமாகப் பரவும். கீழ்முனைகளைத் தளர்வாகக் கட்டலாம். காற்றுக்கு எதிரே விரித்த துணி என்ன செய்யும் என்பதைப் பாய்மரத் தோணி ஓட்டிய ஊருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது வெயிலும் ஈரமும். நேர்வெயிலில் சாயம் வெளுக்குமாதலால் மரநிழலோ பந்தலோ வேண்டும். ஓலைப்பொருள்களை மாலைப்பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒவ்வொரு பொருளிலும் செய்தவர் பெயர், ஊர், வேலைக்குச் சென்ற நாட்கள், விலை ஆகிய நான்கும் தமிழில் எழுதிய சீட்டு இருக்கட்டும். விற்ற தொகையைப் பொதுக் கணக்கில் பதிந்து, செய்தவருக்கு அன்றே கொடுத்துவிட வேண்டும். காட்சிச் செலவையும் வரவையும் அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டினால் நம்பிக்கை வளரும். மகளிர் சுயஉதவிக் குழுக்களையும், 1983ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மாவட்ட அலுவலர்களையும் முன்கூட்டியே கலந்துகொள்வது நலம். பூம்புகார் விற்பனை நிலையங்களை நடத்தும் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தினரையும் அழைக்கலாம்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. ஓலைத்தொழிலின் வேர் உங்கள் தோட்டத்து வரப்பில் நிற்கிறது. தமிழகத்தின் மாநில மரமாகிய பனையைச் செங்கற்சூளைக்கு விற்றால் கிடைப்பது ஒருமுறை வரும் பணம். நிற்கவிட்டால் ஆண்டுதோறும் ஓலையும் நுங்கும் பதநீரும் கிடைக்கும். ஆனால் ஒரே மரத்தில் குருத்தை ஓயாமல் வெட்டினால் மரம் நலியும். மரத்துக்கு மரம் மாற்றி, அளவறிந்து எடுக்க வேண்டும். பனையேறுபவர் குறைந்துவரும் இந்நாளில், அவருக்கு உரிய கூலி தருவதும் ஓலைத்தொழிலைக் காக்கும் செயலே. பனையேறியும் முடைபவளும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

பன்னிரண்டு போர்வைகளுடன் தொடங்கிய ஊரை உலகம் இன்று தேடிச் செல்கிறது. நமது ஊராட்சி ஒன்று பன்னிரண்டு பெட்டிகளுடன் தொடங்கட்டும். முதலாண்டில் விற்பனை சிறிதாயினும் சோர்வு வேண்டாம். தான் முடைந்த பெட்டியின் மேல் தன் பெயர் எழுதியிருப்பதை ஒரு பெண் ஊரார் நடுவில் நின்று காணும் நாளே அத்தொழிலுக்குப் புதிய நாளாகும். அந்நாளை நெருங்கச் செய்வது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கையில் இருக்கிறது.