பழைய பிக்கப்பைத் தட்டி எழுப்பப் போறீங்களா? என்ஜினை அப்புறம் பார்க்கலாம், முதல்ல இதைப் பாருங்க!

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை வழியாக மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். சுற்றுலா வருபவர்களுக்கு அது ஏரி, புல்வெளி, மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம். ஊர்க்காரர்களுக்குக் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. இந்த மூட்டைகளைத் தோட்டத்தில் இருந்து ரோட்டுக்கும், ரோட்டில் இருந்து சந்தைக்கும் சுமக்க இதுபோன்ற மலைக் கிராமங்கள் நம்பியிருப்பது ஜீப்பையும் பிக்கப்பையும்தான். புது வண்டி வந்ததும் பழையது ஷெட்டுக்குப் பின்னால் ஒதுங்கும். டயரில் காற்று இறங்கும். சீட்டில் கோழி அடையும். சில வருஷத்தில் அது வண்டியா, வேலியா என்றே தெரியாது.

அந்த மாதிரி வண்டியை லீவுக்கு வரும் பேரன் பார்க்கிறான். போனில் நாலு ‘ரெஸ்டோரேஷன்’ வீடியோ பார்த்தவனுக்குக் கை சும்மா இருக்காது. “தாத்தா, இதை நானே ரெடி பண்ணட்டுமா?” என்று கேட்டுவிட்டு, நேராக பானட்டைத் திறக்கிறான்.

தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த வீடியோக்களின் உச்சக்கட்டம் பெரும்பாலும் என்ஜின் உறுமும் காட்சி. ஆனால் நல்ல மெக்கானிக் ஒருவர் உதவினால் என்ஜினை எப்படியும் ஓடவைத்துவிடலாம். 7,000 அடி உயர ஊரில் முக்கியமான கேள்வி, வண்டி ஓடுமா என்பது அல்ல, நிற்குமா என்பது. அதற்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது: அது ரோட்டில் ஏறச் சட்டம் விடுமா?

ஆர்சி புக் எங்கே?

ஸ்பேனருக்கு முன்னால் டார்ச் லைட்டையும் துணியையும் எடுக்க வேண்டும். சேஸிஸில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் பார்த்து, ஆர்சி புக்கில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். என்ஜின் எண்ணையும் அப்படியே. சேஸிஸ் எண் துருவில் அழிந்திருந்தாலோ பொருந்தாமல் இருந்தாலோ, அந்த வண்டியில் ஒரு ரூபாய்கூடப் போடும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்து, வண்டி வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா? சொந்த உபயோக வண்டி என்றால் முதல் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். சரக்கு வாகனம் என்றால் கணக்கு வேறு. 8 வயது தாண்டிய சரக்கு வாகனத்துக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் உள்ள சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது சிறு ஆறுதல். ஓட்டுநர் உரிமத்திலும் ஒரு நல்ல செய்தி உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை சாதாரண எல்எம்வி லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

“15 வருஷம் ஆனா வண்டியை நசுக்கிடுவாங்களாமே?” என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் கட்டுப்பாடு டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கானது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயதைத் தாண்டிய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி அரசு வாகனங்களுக்கானது. தமிழ்நாட்டில் தனியார் வண்டிக்கு வயது மட்டுமே எமன் இல்லை. ஆனால் பர்ஸுக்கு எமன் உண்டு. சொந்த உபயோகக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ரூபாயாக்கியது. 20 வயதைத் தாண்டியவற்றுக்கு 2025-ல் அது 10,000 ஆனது. பசுமை வரி தனி. எஃப்சி கட்டணங்களும் ஏறியிருப்பதால், அன்றைய தேதிக்கு என்ன கட்டணம் என்று பார்த்துவிட்டு பட்ஜெட் போடுவது நல்லது.

உரிமையாளர் பெயர் இன்னொரு தலைவலி. தாத்தா உயிரோடு இருந்தால் படிவம் 29, 30 போதும். அவர் காலமாகி வண்டி அவர் பெயரிலேயே நின்றுவிட்டால் படிவம் 31, வாரிசு ஆவணங்களோடு. பழைய ஆர்சியில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் படிவம் 35-ல் அந்த வங்கியின் கையெழுத்து வேண்டும். கடனை 20 வருஷம் முன்பே கட்டி முடித்திருப்பார்கள், வங்கிதான் இருக்காது. லட்சுமி விலாஸ் வங்கி என்றால், 2020 நவம்பரில் அது இணைந்த டிபிஎஸ் வங்கியிடம் போக வேண்டும். சிண்டிகேட் வங்கி என்றால் கனரா வங்கி. இந்த அலைச்சலை முடிக்காமல் என்ஜினுக்குச் செலவு செய்தால், தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் அழகான பொம்மைதான் மிஞ்சும்.

வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அந்த எண்ணை வைத்து வாடகைக்கு ஓட்ட முடியாது, தினசரி ரோட்டிலும் ஓட்ட முடியாது. கேரட் ஏற்ற நினைப்பவருக்கு இது உதவாது.

அழகு வேறு, எலும்பு வேறு

பழனி மலையின் மேற்புறத்தில் பனிமூட்டமும் மழையும் வருஷத்தில் பல மாதம். ஷெட் இல்லாமல் நின்ற வண்டியின் பாடியில் ஓட்டை தெரிந்தால் பயப்பட வேண்டாம். தகரத்தை வெட்டி ஒட்டலாம், டிங்கரிங் செய்யலாம். பயப்பட வேண்டியது சேஸிஸுக்கு. சேற்றுத்தண்ணி உள்ளே போய்த் தங்கும் இடங்கள், ஸ்பிரிங் பட்டை வந்து சேரும் மூலைகள், ஸ்டீயரிங் பாக்ஸைப் பிடித்திருக்கும் இடம் இவற்றைச் சின்ன சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். உளுத்தது மொத்தையாக ஒலிக்கும். ஸ்க்ரூ டிரைவர் உள்ளேயே இறங்கிவிடும்.

பாடி வேலையைப் புதியவர் கற்றுக்கொள்ளலாம். சேஸிஸ் வெல்டிங் அப்படி அல்ல, அது அனுபவசாலியின் வேலை. பட்டி பூசி பெயிண்ட் அடித்து மறைத்த சேஸிஸை விடத் துருவோடு நிற்கும் சேஸிஸே மேல், குறைந்தபட்சம் அது பொய் சொல்லாது. எலும்பு போயிருந்தால், அங்கீகரிக்கப்பட்ட வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. காயலான் கடையில் போட்டுவிட்டு ஆர்சியை ரத்து செய்யாமல் விட்டால்தான் பின்னால் வம்பு.

இந்த வேலைக்கெல்லாம் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியிருக்கும். மலை வீட்டில் சமதரை கிடைப்பதே அபூர்வம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சேஸிஸை இரும்பு ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்த பிறகே படுக்க வேண்டும்.

பிரேக்: இங்கேதான் உயிர் இருக்கிறது

கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கோ பழனிக்கோ இறங்கும் மலைப்பாதையில் ஒரு வண்டி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஒரு பகுதி, கியரில் இறங்கும்போது என்ஜினில் கழியும். மீதி முழுக்க பிரேக் டிரம்மில் வெப்பமாக மாறும்.

பழைய ஜீப் வகை வண்டிகளில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பலவற்றில் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே ஒரு சர்க்யூட். நாலு சக்கரத்தில் எங்காவது ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தாலும், ஒரு குழாய் துருப்பிடித்து வெடித்தாலும், பிரேக் மொத்தமும் போய்விடும். வருஷக்கணக்காக நின்ற வண்டியில் அந்த ரப்பர்கள் காய்ந்து விறைத்திருக்கும். முற்றத்தில் பெடலை மிதித்துப் பார்த்தால் ‘நல்லா பிடிக்குதே’ என்றுதான் தோன்றும்; லோடு ஏற்றி இறங்கும்போது கதை வேறு.

பிரேக் ஆயில் விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 வகை ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230-ல் இருந்து 155-க்கு. கொண்டை ஊசி வளைவுகளில் டிரம் சூடேறி, உள்ளே ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

அதனால் பிரேக்கில் ‘இது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்’ என்ற பேச்சே கூடாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர் கிட், ஹோஸ், துருப்பிடித்த குழாய், லைனிங் எல்லாம் புதுசு. பழைய ஆயில் முழுக்க வெளியேறி, புது ஆயில் ஊற்றி, சக்கரம் சக்கரமாக ஏர் எடுக்க வேண்டும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் உப்பி மொத்தமும் பாழ். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்தோ வாயால் ஊதியோ தூசியைப் பறக்கவிடக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கையும் பார்க்க வேண்டும். பழைய ஜீப்புகளில் அது சக்கரத்தில் இருக்காது. பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டைப் பிடிக்கும். கால் பிரேக் போனாலும் இது தனியாக வேலை செய்யும் என்பது நன்மை. பக்கத்தில் உள்ள கியர் பாக்ஸ் ஆயில் கசிந்து லைனிங் ஊறிப்போனால் பிடிக்காது என்பது தொல்லை.

இப்போ என்ஜினுக்கு வரலாம்

நின்றுபோன என்ஜினை எடுத்ததும் செல்ஃப் அடிக்கக் கூடாது. பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் உடையும். பெட்ரோல் என்றால் பிளக்கையும், டீசல் என்றால் இன்ஜெக்டரையும் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். டேங்கில் இருக்கும் பழைய எண்ணெயை இறக்கிவிட வேண்டும். டேங்க் ஓட்டையாக இருந்தால் வீட்டில் வெல்டிங் வைப்பது தற்கொலைக்குச் சமம். காலி டேங்கில் இருக்கும் ஆவியும் வெடிக்கும்.

மலைக்கு என்று சில விசேஷங்கள் உண்டு. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே மதுரையில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே அதிக பெட்ரோல் குடிக்கும், புகை கக்கும், இழுவை குறையும். டர்போ இல்லாத பழைய டீசலுக்கும் இதே மூச்சுத்திணறல்தான். தண்ணீரும் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைச் சரியாகப் பிடிக்கிறதா என்பது முக்கியம். மார்கழி உறைபனிக் காலையில் டீசல் வண்டி அடம்பிடித்தால், பம்பைக் குறை சொல்வதற்கு முன் ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும்.

பாகங்கள் கிடைக்குமா? ஜீப் வகை வண்டிக்கு ஓரளவு கிடைக்கும், காரணம் அதன் வரலாறு. 1940-களின் இறுதியில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்த மகிந்திரா, அதன் வடிவத்தைப் பல பத்தாண்டுகள் பெரிதாக மாற்றவில்லை. அதனால் பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். டாடாவின் முதல் பிக்கப்பான டாடாமொபைல் வந்தது 1988-ல். அதே வருஷம் மூடப்பட்ட சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் வண்டி என்றால் பாகம் தேடுவதே தனித் தவம். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் கிடைத்தாலும், பில் இல்லாமல் வாங்கக் கூடாது. என்ஜினையே மாற்றினால் ஆர்டிஓ அனுமதியோடு ஆர்சியில் பதிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கப்படலாம்.

‘எனக்கு ஒண்ணுமே தெரியாதே’ என்று தயங்குபவர்களுக்கு இந்த மலையடிவாரத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. கோவை ஜி.டி.நாயுடு இளைஞராக ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு ஆங்கிலேயரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதைப் பிரித்துப் போட்டு, மறுபடி மாட்டித்தான் மெக்கானிக் வேலை கற்றார். 1920-ல் பொள்ளாச்சியில் இருந்து பழனிக்கு அவரே பஸ் ஓட்டினார். இன்றைய இளைஞருக்கு அவரை விட ஒரு வசதி கூடுதல்: கழற்றும் முன் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

முதல் ஓட்டம்

பெயிண்ட் கடைசி. எஃப்சி, இன்சூரன்ஸ் கைக்கு வரும் வரை வண்டி பொது ரோட்டில் ஏறக் கூடாது. சோதனை ஓட்டம் வீட்டு நிலத்துக்குள், சமதரையில், முதல் கியரில், லோடு இல்லாமல். பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் அது மெல்ல இறங்கக் கூடாது. இறங்கினால் எங்கோ கசிகிறது. பத்து முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, இறங்கி நாலு டிரம்மையும் கவனிக்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது என்று பொருள், ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது பிடிக்கவே இல்லை. சக்கரங்களின் உட்புறத்தில் ஈரம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு ஒரு ராத்திரி அப்படியே நிறுத்தி, காலையில் பிரேக் ஆயில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நூல் குறைந்திருந்தாலும் மறுபடி சக்கரத்தைக் கழற்ற வேண்டியதுதான். குறையவில்லை என்றால், எஃப்சிக்குத் தேதி வாங்கலாம்.