பேஸ்போல் ஆட்டத்தின் இலக்கணம்

மொழிக்கு இலக்கணம் உள்ளவாறே விளையாட்டுக்கும் இலக்கணம் உண்டு. அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் பேஸ்போல் ஆட்டத்தின் இலக்கணம் யாதெனின், செலவறிந்து ஆடுதல் என்க. கிரிக்கெற் ஆட்டத்திற் பழகிய நம் மாணவரும் அதனை அறிதல் பயனுடைத்து.

ஓர் அணிக்கு இன்னிங்ஸ் ஒன்பது. இன்னிங்ஸ் ஒன்றில் மூவர் ஆட்டமிழப்பின் முறை மாறும். எனவே அணியின் கைப்பொருள் 27 ஆட்டமிழப்புகளே. முதலாந் தளத்தில் நிற்பவரை இரண்டாந் தளத்துக்கு நகர்த்துதற்பொருட்டு, அடிப்பவர் பந்தை மெல்லத் தட்டித் தாம் ஆட்டமிழக்கும் உத்தி முன்னாளிற் பெரிதும் மதிக்கப்பட்டது. பல்லாண்டு ஆட்டக் குறிப்புகளை ஆராய்ந்தோர், அதனால் எதிர்பார்க்கத்தக்க ஓட்டங்கள் பெரும்பாலும் குறைகின்றன எனக் காட்டியுள்ளனர். ஓர் ஓட்டமே வெற்றிக்குப் போதுமான இறுதி வேளையிலும், அடிப்பவர் மிக வலிகுன்றியவராயவிடத்தும் மட்டுமே அது தகும்.

பந்தெறிபவருக்கும் அடிப்பவரின் தளத்துக்கும் இடையேயுள்ள தூரம் 1893 முதல் 60 அடி 6 அங்குலம். வல்லார் எறியும் பந்து அரை வினாடிக்குள் வந்துவிடும். ஆதலின் எப்பந்தை அடிப்பது என்னும் தெளிவு முன்னரே வேண்டும். 1941இல் ஆயிரத்துக்கு 406 என்னும் அடிவீதம் பெற்ற டெட் வில்லியம்ஸ், அடித்தற்குரிய வெளியை 77 பந்தளவுகளாகப் பகுத்துக் காட்டினார். தமக்குவந்த நடுவிடத்துப் பந்துகளையே அடிப்பின் வீதம் 400. வெளிப்புறத்தே தாழ்ந்து வருவனவற்றை அடிப்பின் 230 எனக் கணித்தார். கையும் மட்டையும் ஒன்றே, தேர்வுதான் வேறு.

தடுத்தாடுவோர், “பந்து என்னிடம் வரின் எத்தளத்துக்கு எறிவேன்?” என்பதை எறிக்கு முன்னரே துணிதல் வேண்டும். பந்து தம்மிடம் வாராதபோதும், தோழர் தவறவிடக்கூடுமென எண்ணி அவர் பின்னே ஓடிக் காவல் நிற்றல் வேண்டும். பன்முறை வீணாகும் அவ்வோட்டம் ஒருமுறை ஆட்டத்தையே காக்கும்.

சிறுவரைப் பயிற்றுவோர்க்குச் செலவறிதல் இன்னும் இன்றியமையாதது. வல்ல சிறுவன் ஒருவனையே ஓயாது எறியவிடின் வெற்றி கிட்டலாம். அவனது வளரும் முழங்கை பழுதுறவுங் கூடும். இதுபற்றியே லிட்டில் லீக் நிறுவனம் 2007 முதல் எறிகளை எண்ணி வரையறுத்தது. 11, 12 வயதினர் நாளொன்றுக்கு 85 எறிகளுக்கு மேல் எறிதல் ஆகாது. எண்ணிக்கை நிறையுமுன்னரே சிறுவன் களைப்புற்றானாயின், அவனை அப்பொழுதே ஓய்வு கொள்ளச் செய்தல் ஆசிரியர் கடனாகும். கிண்ணம் வருந்தோறும் வரும். சிறுவனின் கையோ அவன் வாழ்நாள் முழுமைக்கும் வேண்டப்படுவது.