சொல்லத் தெரியாதவரின் வலியை யார் சொல்வது? அப்பாயி எழுதச் சொன்ன ஒரு தாள்!

சித்தப்பாவுக்கு 41 வயது. முசிறியில் அப்பாயியோடு இருக்கிறார். பிறந்ததிலிருந்தே அறிவுசார் குறைபாடு. அவர் பேசும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ‘ம்மா’, ‘சோறு’, ‘பஸ்ஸு’, ‘வேணாம்’. சாயங்காலமானால் காவிரிப் பாலத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். குளித்தலைக்குப் போகிற பஸ் ஒவ்வொன்றுக்கும் கைதட்டுவார். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு தீபாவளி.

போன வருஷம் ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், திடீரென்று அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இடது கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். பக்கத்தில் போனவர்களையும் அடித்தார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அப்பா அவரை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன்.

இருக்கையைவிட்டு எழுந்திருக்காமலேயே டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். “இவங்க இப்படித்தான் இருப்பாங்க. அப்பப்ப இந்த மாதிரி முரண்டு பண்ணுவாங்க” என்று சொல்லி, தூங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. சித்தப்பா அடிப்பதை நிறுத்தினார். கூடவே நடப்பதையும் நிறுத்திவிட்டார். பாதிக் கண் மூடியபடி திண்ணையில் சாய்ந்தே கிடந்தார்.

அப்பாயி மட்டும் முதல் நாளிலிருந்தே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. “கடவாப் பல்லுடா அது. சுடுதண்ணி குடுத்தா மொகத்தத் திருப்பிக்கிறான் பாரு.”

பதினோராம் நாள், வேறொரு பல் டாக்டரிடம் போனோம். அவர் சித்தப்பாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி வற்புறுத்தவில்லை. தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் டார்ச்சைக் கொடுத்து விளையாடவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறக்க வைத்தார். இடது பக்கக் கடவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. அடுத்த முறை போனபோது பல்லை எடுத்தார். மூன்றாம் நாள் சித்தப்பா தட்டை எடுத்துக்கொண்டு வந்து, “சோறு” என்றார்.

பதினோரு நாள். சீழ் வைத்த பல்லோடு பதினோரு நாள் இருந்திருக்கிறார். நமக்கு அப்படி ஒரு பல்வலி வந்தால் ஒரு ராத்திரி தாங்குவோமா?

அடிக்கிறார் என்றால் ஏதோ வலிக்கிறது

எங்கள் வீட்டில் நடந்ததற்கு மருத்துவ உலகத்தில் தனியாக ஒரு பெயரே இருக்கிறது. 1982-ல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவர் குழுவினரும் இதைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு அறிவுசார் குறைபாடு இருக்கிறது என்று தெரிந்ததுமே, அவரிடம் தெரியும் மற்ற அறிகுறிகளையும் அந்தக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுவது. குறைபாட்டின் நிழல் விழுந்து, உண்மையான நோய் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

பேச முடியாதவர்கள் வலியை உடம்பால்தான் சொல்கிறார்கள். தலையை முட்டிக்கொண்டால் காதுவலியோ, தலைவலியோ, பல்வலியோ இருக்கலாம். சாப்பிட்டதும் அழுதால் நெஞ்செரிச்சலாக இருக்கலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால் பல நாள் மலச்சிக்கலாக இருக்கலாம். மாதத்தில் குறிப்பிட்ட சில நாள்கள் மட்டும் ஒரு பெண் எரிச்சலாக இருந்தால், மாதவிடாய் வலியா என்று பார்க்க வேண்டும். நன்றாக இருந்தவரின் நடத்தை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைத்தான் சோதிக்க வேண்டும். தூக்க மாத்திரை அதற்கு அப்புறம்தான்.

சில குறைபாடுகளோடு சேர்ந்தே வரும் உடல் பிரச்னைகளும் உண்டு. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருக்கிறது. தைராய்டு, காது, கண் பிரச்னைகளும் அவர்களுக்கு அதிகம் வரும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்கு வலிப்பும், விழுங்குவதில் சிரமமும் இருக்கும். இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த விஷயங்கள் என்பதால், வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதித்தாலே பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட முடியும்.

குணசீலத்தில் ஒரு மண்டலம்

சித்தப்பாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அப்பாயி அவரை குணசீலத்துக்குக் கூட்டிப்போனது. முசிறியிலிருந்து திருச்சி போகும் வழியில் இருக்கும் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில் அது. மனநலம் பாதித்தவர்களை அங்கே 48 நாள் தங்கவைத்து வேண்டிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். அப்பாயியும் ஒரு மண்டலம் இருந்தது. அந்தக் கோயிலைப் பற்றி இன்றைக்கும் பக்தியோடுதான் பேசும். “பெருமாள் எனக்கு தைரியம் குடுத்தார்ப்பா. அவனுக்கு என்னன்னு சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல” என்று சொல்லும்.

மனநோயும் அறிவுசார் குறைபாடும் வேறு வேறு என்று அன்றைக்கு யாரும் அப்பாயிக்கு விளக்கிச் சொல்லவில்லை. மனநோய் எந்த வயதிலும் வரலாம், சிகிச்சையில் குணமாகலாம். அறிவுசார் குறைபாடு வளரும் பருவத்திலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்க இருப்பது. அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனால் பயிற்சியும், பேச்சுப் பயிற்சியும், பிசியோதெரபியும் சின்ன வயதிலேயே கிடைத்தால் ஒருவர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் அளவுக்கு முன்னேற முடியும்.

18 வயதுக்கு அப்புறம் எங்கே போவது?

இன்றைக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு நிலைமை பரவாயில்லை. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில், மருத்துவக் குழுக்கள் வேனில் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் போய் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கிறார்கள். பிரச்னை இருந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். நம் மாவட்டத்துக்கு அது திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் இருக்கிறது. குழந்தைகள் நல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் என எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பதுதான் இந்த மையங்களின் நோக்கம்.

ஆனால் அந்தத் திட்டம் 18 வயது வரைதான். அது தொடங்கியபோதே சித்தப்பா 30-ஐ நெருங்கிவிட்டார். குழந்தையாக இருக்கும்போது ஓடி ஓடிப் பார்த்த பெற்றோர், பிள்ளை பெரியவனானதும் பொது ஓ.பி வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே கூட்டம், சத்தம், நீண்ட காத்திருப்பு. ஆட்டிசம் உள்ள ஒருவரால் அதில் பத்து நிமிடம்கூட நிற்க முடியாமல் போகலாம். முசிறியிலிருந்து திருச்சி சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் போய், கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, டாக்டரைப் பார்க்காமலே திரும்பி வந்த நாள்கள் எங்கள் வீட்டிலும் உண்டு.

சட்டத்தில் இருக்கும் உரிமை

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், வீட்டுக்கு அருகிலேயே இலவச மருத்துவ வசதி வேண்டும் என்கிறது அது. இதற்குக் குடும்ப வருமான வரம்பு உண்டு. அரசு, தனியார் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் தடையில்லாமல் உள்ளே போய்வர வழி இருக்க வேண்டும். சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும். ஓ.பி-யில் ‘இவரை முதலில் பாருங்கள்’ என்று கேட்பது சலுகை இல்லை, உரிமை.

ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சித்தப்பாவுக்குத் தூக்க மாத்திரை எழுதிய டாக்டர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பேசாத ஒரு நோயாளியை எப்படிப் பரிசோதிப்பது என்று அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்றுதான் யோசிக்கிறேன்.

ஒரு அம்மாவின் போராட்டம்

பணக்கார நாடுகளில் மட்டும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 2013-ல் வெளியான ஓர் அரசு ஆய்வு, அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்கள் மற்ற ஆண்களைவிட 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறந்துபோவதாகச் சொன்னது.

அதே நாட்டில் 2016-ல் ஆலிவர் மெகோவன் என்ற 18 வயது இளைஞர் வலிப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு ஆட்டிசமும் லேசான அறிவுசார் குறைபாடும் இருந்தன. மனநோய்க்குத் தரும் ஒரு வகை மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். அதையும் மீறி அந்த மருந்து தரப்பட்டது. ஆலிவர் உயிர் பிழைக்கவில்லை. அவருடைய அம்மா பவுலா விடாமல் போராடினார். அதன் விளைவாக, சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்த நோயாளிகளைப் பற்றிய பயிற்சி கட்டாயம் என்று 2022-ல் அங்கே சட்டமே வந்தது. 14 வயதிலிருந்தே வருஷாந்திர இலவச உடல் பரிசோதனையும் அங்கே உண்டு.

ஆய்க்குடியில் வீடு தேடி வரும் தெரபி

நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம். விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவர் கட்டி எழுப்பிய அமைப்பு அது. அங்கே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களே வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தை மொபைல் ஆப்பில் பதிகிறார்கள். அதைப் பார்த்து தெரபிஸ்ட்டுகள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வழிகாட்டுகிறார்கள். அம்மாக்களும் கூடவே கற்றுக்கொள்கிறார்கள்.

தமிழக அரசும் உலக வங்கி உதவியோடு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தில், ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்துவருகிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. இதே கைகளால் சித்தப்பா மாதிரி பெரியவர்களுக்கும் வருஷத்துக்கு ஒரு முறை பல், காது, கண், ரத்தப் பரிசோதனை செய்ய முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

செலவுக்கு என்ன வழி?

* நிராமயா காப்பீடு: தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு இல்லை. ஓ.பி சிகிச்சை, பல் சிகிச்சை, தெரபி, போக்குவரத்துச் செலவுக்கும் இதில் இடமுண்டு. முதலில் நாம் செலவு செய்து, பில்லைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். அதனால் ஒரு பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.
* முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பெரிய சிகிச்சைகளுக்கு இது உதவும்.
* பராமரிப்பு உதவித்தொகை: தகுதியுள்ள அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.
* சட்டப்படியான பாதுகாவலர்: பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் படி, மாற்றுத்திறனாளி சான்றும் யு.டி.ஐ.டி அட்டையும்.

அப்பாயி சொல்ல, நான் எழுதினேன்

பல் எடுத்த வாரத்தில் ஒருநாள் ராத்திரி அப்பாயி என்னைக் கூப்பிட்டது. அதற்கு 71 வயது. “நான் இருக்கையிலயே பதினோரு நாள் ஆச்சு. நான் போயிட்டா இவனுக்குப் பல்லு வலிக்குதுன்னு யாரு சொல்லுவா?” என்று கேட்டது. என்னிடம் பதில் இல்லை.

இங்கிலாந்து மருத்துவமனைகளில் ‘மருத்துவமனை பாஸ்போர்ட்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நோயாளியைப் பற்றி டாக்டருக்கும் நர்ஸுக்கும் தெரிய வேண்டியதையெல்லாம் எழுதிய சில பக்கங்கள். அதைப் பற்றிச் சொன்னேன். “எழுதுறியா?” என்றது. ஒரு ஏ4 தாளை எடுத்தேன். அப்பாயி சொல்லச் சொல்ல எழுதினேன்.

* பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார். ‘டேய்’ என்றால் பயப்படுவார்.
* பல் வலித்தால் கன்னத்தில் அறைந்துகொள்வார். வயிறு வலித்தால் தரையில் குப்புறப் படுப்பார். காய்ச்சல் வந்தால் ரொம்ப அமைதியாகிவிடுவார்.
* ஊசி போடுவதற்கு முன் ஊசியைக் காட்டக் கூடாது. கையில் டார்ச் கொடுத்தால் உட்காருவார்.
* மாத்திரையை முழுங்கத் தெரியாது. பொடித்து வாழைப்பழத்தில் வைக்க வேண்டும். எந்த மாத்திரையைப் பொடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.
* முன்பு கொடுத்த தூக்க மாத்திரையில் நடக்க முடியாமல் போனார். (மாத்திரையின் பேரையும் எழுதினோம்.)
* கூட்டத்தில் காத்திருக்க முடியாது. தயவுசெய்து முதலில் பார்க்கவும்.

பின்பக்கத்தில் ரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், அப்பா நம்பர், என் நம்பர்.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். அப்பாயி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பஸ்ஸுன்னா புடிக்கும்னு எழுது. அழுதா பஸ்ஸப் பத்திப் பேசச் சொல்லு” என்றது. அதையும் சேர்த்தேன்.

இப்போது அந்தத் தாளில் ஐந்து காப்பி இருக்கிறது. ஒன்று அப்பாயியின் சுருக்குப் பையில், ஒன்று அப்பாவின் பைக்கில், ஒன்று பக்கத்து வீட்டில், ஒன்று என் பர்ஸில். ஐந்தாவதை அந்தப் பல் டாக்டரிடம் கொடுத்தோம்.

உங்கள் வீட்டிலோ, தெருவிலோ சித்தப்பா மாதிரி ஒருவர் இருந்தால், இன்றைக்கு ராத்திரி ஒரு தாளை எடுங்கள். அவரை ரொம்பத் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அரை மணி நேரம் போதும்.