உஷார்! சுடாத வெயிலை நம்பாதீர்கள்!

"இன்னிக்கு வெயிலே இல்லையே" என்று குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். உடம்பு உணர்கிற சூடு வேறு, தோலைப் பொசுக்குகிற புற ஊதாக் கதிர் வேறு. அது கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் தெரியாது. தெரியவரும்போது காரியம் கெட்டிருக்கும்!

தெரிந்த குடும்பத்துப் பெண், கல்லூரியில் படிப்பவள், ஆகஸ்ட் கடைசியில் தோழிகளோடு கொடைக்கானல் போனாள். ஸ்வெட்டர் போடுகிற குளிர். விட்டுவிட்டு மேகம். பதினோரு மணிக்கு ஏரியில் படகு, அப்புறம் சைக்கிள். தொப்பி கிடையாது. ராத்திரி மூக்கும் கன்னமும் புறங்கையும் சிவந்து காந்தின. காலையில் கொப்புளம். வாட்ச் கட்டியிருந்த பட்டை மட்டும் பழைய நிறத்தில்! டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மாத்திரை சாப்பிடறேம்மா?" என்றுதான். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின். அதைச் சாப்பிட்டால் தோல் வெயில் தாங்காது. அதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவள் போன இடமும் நாளும்கூட வம்பு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். போதாக்குறைக்கு ஆகஸ்ட் கடைசியில் அங்கே நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஏப்ரல் நடுவிலும் அப்படித்தான். வெப்பமண்டலத்துக்கு வருஷத்தில் இரண்டு உச்சி! நாமோ கத்திரியில் மட்டும் பயப்படுகிறோம். மார்கழியில்கூட, வானம் தெளிவாக இருந்தால், நடுப்பகல் புற ஊதாக் கதிரின் அளவு 'அதிகம்' என்ற வகைக்குப் போய்விடும்.

இன்னொன்று. ஓசோன் பெரும்பாலும் வெப்பமண்டல வானத்தில்தான் உருவாகிறது. ஆனால் மேல்காற்று அதைத் துருவப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நம் தலைக்கு மேல் இருக்கிற போர்வை மெல்லிசுதான். கொடைக்கானலிலேயே 1950களிலிருந்து வானிலைத் துறை ஓசோனை அளந்து வருகிறது. படகு விட்ட பிள்ளைகளுக்கு அது எங்கே தெரியும்!

மேகம் காப்பாற்றும் என்றா நினைக்கிறீர்கள்? மெல்லிய மேகத்தைத் தாண்டிக் கதிர் 80 சதவீதம் வரை கீழே வந்துவிடும். திட்டுத் திட்டான மேகம் இன்னும் மோசம். அதன் ஓரம் கதிரைச் சிதறடிப்பதால், சில நிமிடங்களுக்குத் தெளிந்த வானத்தைவிட அதிகமாகவே அடிக்கும்.

சூடு உச்சத்துக்கு வருவது இரண்டு, மூன்று மணிக்கு. புற ஊதாக் கதிர் உச்சத்துக்கு வருவது பன்னிரண்டை ஒட்டி! கடற்காற்று வந்து உடம்பு குளிர்ந்தாலும் கதிர் அதனால் குறையாது.

எப்போது பயப்பட வேண்டும்? வெயிலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் ஆபத்து நேரம். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும், டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கண்ணில் மூக்கோரமாகச் சதை வளர்கிறதா? ஆறாத புண், நிறமோ வடிவமோ மாறுகிற மச்சம் இருக்கிறதா? இந்தக் கதிரின் வேலையாக இருக்கலாம், டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

"நமக்குக் கறுப்புத் தோல், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். தோலுக்கு ஓரளவு சரி. கண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. கண்புரைக்கு இந்தக் கதிரும் ஒரு காரணம். பிளாட்பாரத்தில் வாங்கும் கூலிங் கிளாஸ் இருட்டாக இருந்தால் மட்டும் போதாது. இருட்டில் கண்மணி விரியும். கண்ணாடி கதிரைத் தடுக்காவிட்டால் உள்ளே போவதுதான் கூடும்.

உங்கள் போனில் வானிலைப் பக்கத்தைத் திறந்தால் 'யூவி இண்டெக்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். 3 வந்தாலே தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். 8ஐத் தொட்டால் நடுப்பகலில் வெளியே போகாதீர்கள். 11ஐ எட்டினால் உச்சக்கட்ட ஆபத்து. நம் ஊரில் அது சர்வசாதாரணம். பிள்ளையின் பள்ளியில் பி.டி. பீரியட் பன்னிரண்டு மணிக்கு இருக்கிறதா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று மாற்றச் சொல்லுங்கள்!