எக்கோஸ்போர்ட் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்? செகண்ட் ஹேண்ட் வாங்கும் முன் பானெட்டை திறந்து பாருங்க!

இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டே சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தி நின்றுபோனது. ஆனால் அங்கே தயாரான எக்கோஸ்போர்ட் இன்னும் நம்ம ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டிலும் அதற்கு ஆள் இருக்கிறது. முதல்முறையாக கார் வாங்கும் குடும்பங்கள் பலவற்றின் லிஸ்டில் இந்த வண்டி இருக்கும். நல்ல உயரம், கெட்டியான பாடி, ஹைவேயில் ஆட்டம் இல்லாத ஓட்டம். கம்பெனியே போய்விட்டதால் விலையும் இறங்கி நிற்கிறது.

சரி, இது எவ்வளவு நாள் உழைக்கும்? "ஃபோர்டு வண்டி இரும்பு மாதிரி" என்பார் ஒருவர். "இன்ஜின் காலி, தலைவலி" என்பார் இன்னொருவர். ரெண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஏன்னா அவர்கள் பேசுவது ஒரே வண்டியைப் பற்றி அல்ல.

ஒரே பெயர்... உள்ளே நாலு இன்ஜின்!

2013 ஜூனில் 5.59 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் எக்கோஸ்போர்ட் அறிமுகமானது. நீளம் 4 மீட்டருக்குள். காரணம் வரி. 4 மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் இன்ஜின் 1.2 லிட்டருக்குள்ளோ டீசல் இன்ஜின் 1.5 லிட்டருக்குள்ளோ இருந்தால் வரி குறைவு. அதனால்தான் 1 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போ பெட்ரோலும், 1.5 லிட்டர் டீசலும் வந்தன. கூடவே 1.5 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் ஒன்றும் இருந்தது. 2017 நவம்பரில் முகம் மாறியபோது அந்த நாலு சிலிண்டர் போய், 'டிராகன்' என்ற புது 1.5 லிட்டர் மூணு சிலிண்டர் பெட்ரோல் வந்தது.

வெளியே பார்க்க எல்லாம் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆயுள் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

அவார்டு வாங்கிய இன்ஜினுக்கு என்ன ஆச்சு?

எக்கோபூஸ்ட் 1 லிட்டர் சாதாரண இன்ஜின் இல்லை. 2012, 2013, 2014 என தொடர்ந்து 3 வருஷம் சர்வதேச அளவில் 'ஆண்டின் சிறந்த இன்ஜின்' விருது வாங்கியது. இத்தனை சின்ன இன்ஜினில் 125 குதிரைத்திறன். ஓட்டிப் பார்த்தவர்கள் மயங்கியதில் ஆச்சரியமில்லை.

பிரச்சனை அதன் டைமிங் பெல்ட்டில் இருக்கிறது. இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாமல் இயங்க வைப்பது இந்த பெல்ட்தான். பல கார்களில் இது இன்ஜினுக்கு வெளியே, ஒரு கவருக்குள் காய்ந்த நிலையில் ஓடும். சில கார்களில் பெல்ட்டுக்குப் பதில் இரும்புச் செயின் இருக்கும். ஆனால் எக்கோபூஸ்ட்டில் ரப்பர் பெல்ட், இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடுகிறது. உராய்வு குறையும், சத்தமும் குறையும் என்பது இன்ஜினியர்களின் கணக்கு.

கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. ஆனா அது ஒரு விஷயத்தை நம்பி போட்ட கணக்கு. சரியான ஆயில், சரியான நேரத்தில் மாற்றப்பட வேண்டும். நம்ம ஊரில் வாரன்டி முடிந்ததும் என்ன நடக்கும்? கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டு தெருமுனை மெக்கானிக்கிடம் போவோம். அவர் கையில் இருக்கும் ஆயிலை ஊற்றுவார். எக்கோபூஸ்ட் கேட்பதோ 5டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில், அதிலும் ஃபோர்டு சொன்ன தரத்தில். ஆயில் மாறினாலும், ஒரே ஆயிலை வருஷக்கணக்கில் விட்டாலும் பெல்ட்டின் ரப்பர் ஊறி, உதிர ஆரம்பிக்கும். தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி, இன்ஜின் சூடாகும் முன்பே ஆஃப் செய்தால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். அதுவும் ரப்பருக்கு எதிரி.

உதிர்ந்த ரப்பர் துகள் நேராக ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் போய் அடைக்கும். ஆயில் மேலே ஏறாது. முதலில் டர்போ பாதிக்கப்படும், அடுத்து பேரிங். பெல்ட்டே அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி இன்ஜின் மொத்தமும் போச்சு. பிரிட்டனில் இந்த பெல்ட்டை மாற்ற 10 வருஷம் அல்லது 2.4 லட்சம் கிலோமீட்டர் என்று கம்பெனி கெடு சொல்லியிருந்தது. அதற்கு ரொம்ப முன்னாடியே பெல்ட் கெட்டுப்போனதாக அங்குள்ள மெக்கானிக்குகளும் ஓனர்களும் புகார் சொன்னார்கள். பிறகு இதே இன்ஜினின் புதிய வடிவங்களில் ஃபோர்டு டைமிங் செயினுக்கு மாறியது. கம்பெனியே வழி மாறியது என்பதை கவனிக்க வேண்டும்.

அமெரிக்கா வரை போன மறைமலைநகர் வண்டி

அமெரிக்காவில் விற்கப்பட்ட எக்கோஸ்போர்ட்டும் நம்ம மறைமலைநகரில் இருந்து கப்பல் ஏறியதுதான். 2023 டிசம்பரில் அங்கே 1 லிட்டர் இன்ஜின் கொண்ட எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் என சுமார் 1.4 லட்சம் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. எக்கோஸ்போர்ட்டில் 2018 முதல் 2022 வரையிலான மாடல்கள் இதில் அடக்கம். இங்கே சிக்கல் டைமிங் பெல்ட் இல்லை. ஆயில் பம்ப்பை சுற்ற வைக்கும் தனி பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும்தான். அது உடைந்தால் ஆயில் பிரஷர் போய்விடும், இன்ஜின் நின்றுவிடலாம், பிரேக்கும் கட்டை மாதிரி இறுகிவிடலாம்.

அப்போ எதை நம்பி வாங்கலாம்?

நீண்ட நாள் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு பழைய 1.5 நாலு சிலிண்டர் பெட்ரோலும் (மேனுவல் கியர்), 1.5 டீசலும்தான் மனசுக்கு நிம்மதி. நாலு சிலிண்டர் பெட்ரோல் ஓட்டுவதற்கு சுமார்தான், மைலேஜும் பெரிசாக இல்லை. ஆனால் டர்போ கிடையாது, பெல்ட்டும் ஆயிலில் ஊறாது. உழைக்கிற மாடு மாதிரி. டீசலிலும் பெல்ட் காய்ந்த பெல்ட்தான். ஒழுங்காக பார்த்துக்கொண்டால் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுவது இந்த ரெண்டுக்கும் பெரிய விஷயமில்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று மட்டும் பில்லோடு கேளுங்கள். "மாத்தியாச்சு சார்" என்ற வாய் வார்த்தை பில் ஆகாது.

2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் என்றால் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும். ஊருக்குள் மட்டும் உருட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது ஹைவேயில் ஒரு நல்ல ஓட்டம் கொடுக்க முடியாதவர்கள் டீசலை விட்டுவிடலாம்.

டிராகன் பெட்ரோல் நடுவில் நிற்கிறது. டர்போ இல்லை என்பது பிளஸ். ஆனால் இதுவும் ஆயிலில் நனையும் பெல்ட் கொண்ட இன்ஜின்தான். சர்வீஸ் ஹிஸ்டரி சுத்தமாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் விலை எவ்வளவு கம்மியாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். எக்கோபூஸ்ட்டுக்கு இந்த விதி இன்னும் கறார். ஆயில் பில்கள் வரிசையாக இல்லாத எக்கோபூஸ்ட்டை வாங்குவது லாட்டரி.

ஆட்டோமேட்டிக்கா? ஒரு நிமிஷம்!

2017 வரை வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் 'பவர்ஷிஃப்ட்' என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். டிராஃபிக்கில் நகர்ந்து நகர்ந்து போகும்போது சூடாகி, உதறல் எடுப்பது இதன் பழைய வியாதி. ஆஸ்திரேலியாவில் இந்த கியர்பாக்ஸ் பற்றி புகார் சொன்னவர்களை சரியாக நடத்தவில்லை என்று 2018-ல் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அந்த வழக்கில் எக்கோஸ்போர்ட்டும் இருந்தது. டிராகன் இன்ஜினோடு வந்த ஆட்டோமேட்டிக் வேறு ரகம். அது வழக்கமான டார்க் கன்வெர்ட்டர், அந்த பயம் இல்லை.

தண்ணியில நின்ன வண்டியா?

550 மில்லிமீட்டர் ஆழ தண்ணீரிலும் போகும் என்று சொல்லி விற்கப்பட்ட வண்டி இது. அந்த தைரியத்திலேயே 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் மழையிலும் சிலர் இறக்கியிருக்கலாம். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி அரை அடியில் சேறு படிந்த கோடு தெரிந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

ஆர்.சி., ஸ்பேர் பார்ட்ஸ் நிலவரம்

2013-ல் பதிவான முதல் வண்டிகளுக்கு 2028-ல் 15 வருஷம் முடிகிறது. அதன்பின் எஃப்.சி. காட்டி 5 வருஷத்துக்கு ஆர்.சி.யை புதுப்பிக்கலாம். டெல்லியில் 10 வருஷமான டீசலுக்கு கெடுபிடி இருப்பதால் அங்கிருந்து என்.ஓ.சி.யோடு விலை மலிவாக வரும் வண்டிகளும் உண்டு. இங்கே பதிவு மாற்றும்போது சாலை வரி தனியாக கட்ட வேண்டும். அதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் தொடரும் என்று ஃபோர்டு வெளியேறும்போதே சொல்லியிருந்தது. ஃபில்டர், பிரேக் பேட் போன்ற ஓடும் சாமான்களுக்கு கவலை இல்லை. பாடி பேனல், சென்சார் மாதிரி ஐட்டங்களுக்குத்தான் காத்திருக்க நேரலாம். இதற்கிடையே மறைமலைநகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இன்ஜின் தயாரிக்க 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஃபோர்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2029-ல் உற்பத்தி தொடங்கும் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அது ஏற்றுமதிக்கான இன்ஜின் ஆலை. அதைக் காட்டி "ஃபோர்டு திரும்ப வருது, விலை ஏறப் போகுது" என்று புரோக்கர் அவசரப்படுத்தினால் பேரத்தில் ஒரு ரூபாய்கூட ஏற்ற வேண்டியதில்லை.