குளியலில் தொடங்கி, கல்லறை வரை... பெப்பு நகரில் வெளிநாட்டவர்கள் வாழ்வது எப்படி?

சாலையோர வடிகால் மூடியின் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று புகை வருகிறது. புதிதாக வந்தவர்களுக்குப் பார்த்ததும் பகீரென்றுதான் இருக்கும். உள்ளூர்க்காரர்களோ அதைக் கடந்து கூலாக நடந்து போகிறார்கள். அது புகையே இல்லை, பூமிக்கு அடியில் கொதிக்கும் வெந்நீரின் ஆவி!

இந்த ஊரின் பெயர் பெப்பு. ஜப்பானின் கியூஷூ தீவில் ஒய்த்தா மாகாணத்தில் இருக்கிறது. முன்னால் கடல், பின்னால் மலை. சுமார் 1.15 லட்சம் பேர் வாழும் சின்ன நகரம்தான். ஆனால், 2,000-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இங்கே இருக்கின்றன. ஜப்பானில் வேறெந்த ஊரிலும் இத்தனை ஊற்றுகள் கிடையாது.

இந்த ஊருக்கு இன்னொரு ஆச்சர்யமும் உண்டு. மலை மேல் 2000-ம் ஆண்டு ரிட்சுமேகான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அங்கே படிப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வெளிநாட்டு மாணவர்கள். அதனால் மலையிலிருந்து இறங்கிவரும் பஸ்ஸில் பல நாட்டு மொழிகள் காதில் விழும். படிப்பு முடிந்ததும் பலர் டோக்கியோவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் வேலை, திருமணம், குழந்தைகள் என்று இங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

முதல் 14 நாள்கள்

வீடு கிடைப்பதுதான் முதல் சவால். ஜப்பானில் வாடகைக்கு வருபவருக்கு யாராவது ஜாமீன் நிற்க வேண்டும். அல்லது அதற்கென்றே இருக்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அட்வான்ஸ் தவிர, வீட்டு உரிமையாளருக்கு 'நன்றிப் பணம்' என்று திரும்பி வராத ஒரு தொகையைக் கேட்பதும் உண்டு.

குடிபோன 14 நாள்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது கட்டாயம். அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேரலாம். சேர்ந்துவிட்டால் பொதுவாக மருத்துவச் செலவில் 30 சதவிகிதம் மட்டும் கையிலிருந்து கொடுத்தால் போதும். மாணவர்கள் தனி அனுமதி வாங்கி, வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதி நேர வேலை பார்க்கலாம்.

அடுத்து குப்பை. எரியும் குப்பை, எரியாத குப்பை, பாட்டில், பழைய பேப்பர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு. நாள் தவறினாலோ, பிரிக்காமல் போட்டாலோ, பையில் எச்சரிக்கை ஸ்டிக்கரை ஒட்டி அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தெருவே பார்க்க அந்தப் பை மட்டும் உட்கார்ந்திருக்கும்!

வெட்கத்தைக் கழற்றி வைக்கணும்!

பெப்புவில் தெருக்காரர்களே சேர்ந்து நடத்தும் பொதுக் குளியலறைகள் நிறைய. கீழே குளியல், மாடியில் ஊர்க்கூட்டம் நடக்கும் ஹால் என்று பல இடங்களில் இருக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள். உள்ளே உடை கூடாது, நீச்சல் உடைக்கும் அனுமதி இல்லை. தொட்டியில் இறங்கும் முன்பு உடம்பை நன்றாகக் கழுவிவிட வேண்டும். துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது.

பலருக்கு முதல் நாள் வாசலோடு திரும்பிவிடலாமா என்றுதான் தோன்றும். துணிந்து இறங்கினால் தண்ணீர் சுடும். சூடு தாங்காமல் குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீர் கலக்கப் போனால், பக்கத்தில் இருக்கும் பெரியவரின் முகம் மாறும். ஆனால், உள்ளே நுழையும்போது ஒரு வணக்கம், கிளம்பும்போது ஒரு வணக்கம் சொல்லிப் பழகிவிட்டால் பேச்சு தானாக வரும். வகுப்பறையில் வராத ஜப்பானிய மொழி, வெந்நீரில் வந்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாடு கொஞ்சம் சிரமம். மிசோ சூப்பில்கூட மீன் சாறு இருக்கும். அதற்கும் பெப்புவில் ஒரு வழி இருக்கிறது. கன்னவா பகுதியில் பூமியிலிருந்து வரும் ஆவியிலேயே காய்கறி, கிழங்கு, முட்டை என்று வேகவைத்துச் சாப்பிடலாம். நம்ம ஊர் இட்லிப் பானையைப் பூமியே அடுப்பாக நின்று வேகவைப்பது மாதிரி!

நிலம் நடுங்கிய இரவு

வெந்நீர் தரும் பூமி சில நேரம் குலுங்கவும் செய்யும். 2016 ஏப்ரல் 16 அதிகாலை, பக்கத்து மாகாணமான குமாமோட்டோவைத் தாக்கிய பெரிய நிலநடுக்கம் பெப்புவையும் உலுக்கியது. இப்படிப்பட்ட நேரத்தில் அருகிலிருக்கும் பள்ளிக்கூடம் எது, ஒலிபெருக்கியில் என்ன சொல்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். மொழி தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல் உதவி. குளியலறையில் சொல்லிப் பழகிய வணக்கத்தின் அருமை அப்போதுதான் புரியும்.

எங்கே அடக்கம் செய்வது?

இருபது, முப்பது வருடங்கள் வாழ்ந்துவிட்டவர்களுக்கு வேறொரு கவலை. ஜப்பானில் இறந்தவர்களில் 99 சதவிகிதத்துக்கும் மேலானவர்கள் தகனம் செய்யப்படுகிறார்கள். இஸ்லாமியர்களுக்கோ மண்ணில் அடக்கம் செய்வதுதான் முறை. கியூஷூவில் அதற்கான இடம் மிகவும் குறைவு.

பெப்புவில் வாழும் இஸ்லாமியர்கள், பக்கத்தில் இருக்கும் ஹிஜி என்ற சிற்றூரில் கல்லறைக்கு இடம் தேடினார்கள். குடிநீர் கெட்டுவிடுமோ என்று அங்குள்ளவர்கள் பயந்தார்கள். பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2023-ல் மாற்று இடத்துக்கு உடன்பாடு வந்தது. ஆனால் 2024 ஆகஸ்ட்டில் நடந்த தேர்தலில், அந்த நிலத்தை விற்கக் கூடாது என்று சொன்னவர் மேயரானார். கதவு மறுபடியும் மூடிக்கொண்டது.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தண்ணீரை நம்பி வாழ்கிறவர்களின் பயம் ஒரு பக்கம். வரி கட்டி, பிள்ளைகளை இங்கேயே படிக்கவைத்து, கடைசியில் ஆறடி நிலத்துக்குக் கையேந்தி நிற்பவர்களின் வலி இன்னொரு பக்கம்.

2024 இறுதியில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர்களின் எண்ணிக்கை 37 லட்சத்தைத் தாண்டிவிட்டது. முதியவர்கள் அதிகமாகி, கடைகளிலும் விடுதிகளிலும் வேலைக்கு ஆள் கிடைக்காத நாடு அது. பெப்புவின் தெருக் குளியலறைகளைக் கழுவிவிடவும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஒரே தொட்டியில் இறங்கிக் குளிக்க இடம் கொடுத்த ஊர் அது. ஒரே மண்ணில் உறங்கவும் இடம் கொடுக்குமா என்பதற்குத்தான் அங்கே வாழ்கிறவர்கள் காத்திருக்கிறார்கள்.