ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் போனும் ஒரு சிட்டுக்குருவியும்

ராட்சத மிருகப் படம் பாக்க வர்றவங்க ரெண்டு வகை. ஒருத்தர் வாயைப் பொளந்துட்டு பாப்பார். இன்னொருத்தர், "டேய், போன சீன்ல அது இவ்ளோ பெருசு இல்லியே"ன்னு பக்கத்துல இருக்கறவன் காதைக் கடிப்பார். ஹாஸ்டல்ல நான் ரெண்டாவது வகை. அதனாலயே என் கூட படம் பாக்க யாரும் வர்றதில்ல. சரி, இங்க எழுதியாவது தீத்துக்கறேன்.

எடுத்துக்கிட்ட படம் '2.0'. 2018 நவம்பர் 29 ரிலீஸ். நான் அப்போ ஒன்பதாவது. பென்னாகரம் பக்கம் எங்க ஊர்லேருந்து மாமா என்னை தர்மபுரிக்குக் கூட்டிட்டு வந்து காட்டினார். செல்போன்களே சேந்து ஒரு ராட்சதப் பறவையா எழுந்து பறந்ததும் நான் சீட்டை கெட்டியா புடிச்சுக்கிட்டேன். அந்தப் பறவை எங்க ஊருக்கும் வந்துச்சு. அந்தக் கதை கடைசில.

ஒரு கண்ணுக்கு ஒரு கேமரா

நிறைய படத்தை சாதாரணமா எடுத்துட்டு, அப்புறம் கம்ப்யூட்டர்ல 3டி-யா மாத்துவாங்க. 2.0-வை ஷங்கர் நேரடியா 3டி-யிலயே எடுத்தார். ஒளிப்பதிவு நீரவ் ஷா. நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. ரெண்டு பெரிய சினிமா கேமராவை அவ்வளவு நெருக்கமா பக்கத்துல பக்கத்துல வைக்க முடியாது. அதனால நேரடி 3டி-ல பொதுவா, ஒண்ணு பாதி ஒளியை மட்டும் விடுற கண்ணாடி வழியா நேரா பாக்கும், இன்னொண்ணு அதே கண்ணாடில பிரதிபலிக்கற பிம்பத்தைப் பாக்கும். கண்ணாடி சாப்பிட்ட வெளிச்சத்துக்கு செட்ல கூடுதலா லைட் போடணும்.

இதுல சிக்கிக்கறது கிராபிக்ஸ் ஆளுங்க. ரெண்டரை மணி நேரப் படம்னா, நொடிக்கு 24 பிரேம் வச்சு மொத்தம் 2,16,000 பிரேம். ரெண்டு கண்ணுக்கும் சேத்து 4,32,000. பறவை வர்ற ஒவ்வொரு பிரேமையும் ரெண்டு தடவை ரெண்டர் பண்ணணும். வலது கண்ணுல ஒரு போன் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பாக்கறவனுக்குத் தலைவலி வந்துடும். 2017 தீபாவளிக்கு வரவேண்டிய படம் ஒரு வருஷத்துக்கு மேல தள்ளிப்போனதே கிராபிக்ஸ் வேலை முடியாததாலதான்.

அக்‌ஷய் குமாரோட பறவை மேக்கப்புக்கு தினமும் மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அதை செஞ்ச லெகசி எஃபெக்ட்ஸ் யாருன்னா, 1993-ல 'ஜுராசிக் பார்க்'குக்கு டி-ரெக்ஸ் செஞ்ச ஸ்டான் வின்ஸ்டன் 2008-ல இறந்தப்புறம் அவர் பட்டறை ஆளுங்க ஆரம்பிச்ச கம்பெனி.

மழைல நனைஞ்ச டி-ரெக்ஸ்

அந்த டி-ரெக்ஸ் கதையும் சுவாரஸ்யம். ஹைட்ராலிக்ஸ்ல ஓடுன, நிஜ சைஸ் பொம்மை அது. தோல், பஞ்சு மாதிரி ஃபோம் ரப்பர். மழை சீன்ல தோல் தண்ணியைக் குடிச்சு, கணக்குப் போட்டதுக்கு மேல எடை கூடி, பொம்மை குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. டேக்குக்கு நடுவுல ஆளுங்க துண்டு வச்சுத் துடைச்சுக் காய வச்சாங்க. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல அரியர் வச்சவங்க இதைப் படிச்சு ஆறுதல் அடையலாம்.

அதே சீன்லதான் உலகமே பேசுற தப்பும் இருக்கு. டி-ரெக்ஸ் வேலியைத் தாண்டி ரோட்டுக்கு சமதரையா நடந்து வரும். கொஞ்ச நேரத்துல அதே வேலிக்கு அந்தப் பக்கம் காரைத் தள்ளும், அங்க பெரிய பள்ளம்! இன்னொண்ணு, கருவைத் திருடுற சீன்ல குப்பி லேபிளைப் பாருங்க. ஸ்டெகோசாரஸ், டைரனோசாரஸ் ரெண்டு பேருக்குமே ஸ்பெல்லிங் தப்பு. கோடிக்கணக்குல செலவு பண்ண பார்க்ல ப்ரூஃப் பாக்க ஒரு ஆள் வைக்கல.

சைஸ் பிரச்சனை

ராட்சதப் படங்கள்ல அதிகமா வர்ற தப்பு சைஸ்தான். 1933 'கிங் காங்'ல தீவுல இருக்கும்போது காங் உயரம் 18 அடி. நியூயார்க் வந்ததும் 24 அடி. பெரிய கட்டடங்களுக்கு முன்னாடி சின்னதா தெரியக் கூடாதுன்னு வேணும்னே வளத்தாங்க. க்ளோஸ்-அப்புக்கு செஞ்ச தலை இன்னும் பெரிய கணக்கு. நிஜத்துல அது ஒன்றரை அடி பொம்மை. ஒவ்வொரு பிரேமுக்கும் கையால அசைச்சு எடுத்தாங்க. ரோமம் காத்துல அலையற மாதிரி தெரியறது, அசைச்சவங்க விரல் பட்ட தடம்.

1954-ல ஜப்பான்காரங்க வேற வழில போனாங்க. காட்ஜில்லா 50 மீட்டர். ஆனா உள்ள இருந்தது ரப்பர் உடை போட்ட ஹருவோ நகாஜிமாங்கற நடிகர். ரெண்டு மீட்டர் ஆளை 50 மீட்டர் மிருகமா நம்ப வைக்கறது எப்படி? நம்ம பிளஸ் ஒன் ஃபார்முலாதான். 50 மீட்டர் உயரத்துலேருந்து கல்லு விழ சுமார் 3.2 நொடி. 2 மீட்டர்லேருந்து 0.64 நொடி. உயரம் 25 மடங்கு, நேரம் அதோட வர்க்கமூலம், 5 மடங்கு. அப்போ நொடிக்கு 120 பிரேம் எடுத்து 24-ல ஓட்டினா, பொம்மைக் கட்டடம் நிஜக் கட்டடம் மாதிரி நிதானமா சரியும். மெதுவா நகந்தா நம்ம மூளை அதைப் பெருசுன்னு எடுத்துக்கும்.

இந்த இடத்துல ஷங்கர் டீம் பண்ணது புத்திசாலித்தனம். பறவை போன்களால ஆனது. கலையும், சேரும், விரியும். சைஸ் மாறினா அது தப்பில்ல, அதோட குணமே அதுதான். என்னை மாதிரி ஆளுங்க வாயை அடைச்சுட்டாங்க.

ஆனா எடையை விட மாட்டேன். ஒரு கரும்பருந்து சுமார் 700 கிராம், ரெக்கை விரிச்சா ஒன்றரை மீட்டர். அதை அப்படியே 40 மடங்கு ஆக்குங்க. ரெக்கை 60 மீட்டர், கிட்டத்தட்ட ஏர்பஸ் ஏ330 விமானம். ரெக்கைப் பரப்பு 40-ன் வர்க்கம், 1,600 மடங்கு. எடை கனம், 64,000 மடங்கு, அதாவது 44,800 கிலோ. போன் ஒண்ணு 160 கிராம்னா 2,80,000 போன். பரப்பை விட எடை 40 மடங்கு அதிகமா ஏறினதால, மேல நிக்கணும்னா வேகம் 40-ன் வர்க்கமூலம், 6.3 மடங்கு கூடணும். பருந்து நொடிக்கு 10 மீட்டர் போனா, இது 63 மீட்டர், மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல. ஒரே இடத்துல நின்னு முறைச்சா கீழ விழும். எலும்புக்கும் இதே கதைன்னு கலிலியோ 1638-லயே எழுதிட்டார்.

2030 எங்க போச்சு?

தொடர்ச்சித் தப்புன்னா எனக்குப் புடிச்சது இதுதான். 2010-ல வந்த 'எந்திரன்' கடைசி சீனை ஞாபகப்படுத்திக்கோங்க. வருஷம் 2030. மியூசியத்துல கழட்டி வச்ச சிட்டியை ஸ்கூல் பிள்ளைங்க பாக்கறாங்க. ஆனா 2.0-ல அதுக்கு பல வருஷம் முன்னாடியே சிட்டியை எடுத்து மாட்டி, ஊரைக் காப்பாத்த வச்சு, நல்ல பேரும் குடுத்துடறாங்க. அப்புறம் 2030-ல ஏன் மறுபடி கழட்டி வச்சாங்க? 'திரும்பவும் ஏதோ சேட்டை பண்ணியிருக்கும்'னு சமாளிக்கலாம். ஆனா முதல் படம் எடுக்கும்போது ரெண்டாவது படத்தைப் பத்தி யாரும் யோசிக்கலங்கறதுதான் நியாயமான பதில். ஃபோட்டான்ல பாசிட்டிவ், நெகட்டிவ் பேச்சும் வரும்; ஃபோட்டானுக்கு மின்னூட்டமே கிடையாது. இதெல்லாம் மசாலா, விட்டுடலாம்.

விட முடியாத தப்பு

பறவை ஆய்வாளர் பக்‌ஷிராஜன்கிட்ட நிஜ ஆய்வாளர் சலீம் அலியோட சாயல் இருக்கும். சலீம் அலி 1987-ல இறந்துட்டார். இந்தியாவுல முதல் செல்போன் பேச்சே 1995-லதான். படத்துல செல்போன் டவர் கதிர்வீச்சுல குருவிங்க சாகும். அப்பவே செல்போன் கம்பெனிகளோட சங்கம், தப்பான தகவல்னு சென்சார் போர்டுக்குப் புகார் குடுத்தது. கம்பெனிக்காரன் அப்படித்தான் சொல்வான்னு நானும் நினைச்சேன்.

இப்போ கணக்கு போட்டுப் பாக்கறேன். 900 மெகாஹெர்ட்ஸ் அலையோட ஒரு ஃபோட்டான் சக்தி சுமார் 3.7 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். ஒரு மூலக்கூறுலேருந்து எலக்ட்ரானைப் பிடுங்க சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் வேணும். இருபத்தஞ்சு லட்சம் மடங்குக்கு மேல வித்தியாசம். எக்ஸ்ரே பண்ற சேதத்தை இது பண்ண முடியாது. உறுதியாத் தெரிஞ்ச விளைவு சூடு ஏத்தறது. அதுக்குத்தான் வரம்பு வச்சிருக்காங்க. இந்தியா 2012 செப்டம்பர்லேருந்து உலக வரம்புல பத்துல ஒரு பங்கா குறைச்சுடுச்சு. 2011-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய்ப் பிரிவு இந்த அலைகளை 'வாய்ப்பு இருக்கலாம்' பட்டியல்ல வச்சதும் உண்மை. ஆராய்ச்சி நடக்கட்டும். ஆனா குருவி விஷயத்துல, 2020-ல வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, 25 வருஷமா நாடு முழுக்க சிட்டுக்குருவி எண்ணிக்கை பெருசா மாறல, பெரிய நகரங்கள்லதான் குறைஞ்சிருக்குன்னு சொல்லுது. டவர்தான் காரணம்ங்கறதுக்கு ஆதாரம் இல்லன்னும் சொல்லுது. குஞ்சுக்குக் குடுக்கப் பூச்சி இல்ல, கூடு கட்ட சந்து இல்ல. இதுதான் வலுவான சந்தேகம்.

இப்போ எங்க ஊர் கதை. படம் பாத்துட்டு வந்து தாத்தாகிட்ட ஒரு சீன் விடாம சொன்னேன். மூணு மாசம் கழிச்சு ஊருக்கு டவர் வைக்க ஆள் வந்தாங்க. ஊர்க்கூட்டத்துல தாத்தா எழுந்து, "குருவி பூரா செத்துப்போகும், என் பேரன் படிச்ச பையன், அவனே சொன்னான்"னு பேசினார். டவர் திரும்பிப் போச்சு. எனக்கு ஒரே பெருமை.

2020-ல கொரோனா வந்துச்சு. ஆன்லைன் கிளாஸ். சிக்னல் கெடைக்கற ஒரே இடம் ஊருக்குப் பின்னாடி இருக்கற பாறை. பதினோரு பசங்க குடையை விரிச்சுட்டு அது மேல உக்காந்து படிச்சோம். ரெண்டு பேர் அப்படியே படிப்பை விட்டுட்டாங்க. அத்தைக்குப் பிரசவ வலி வந்த ராத்திரி, சித்தப்பா அதே பாறைல டார்ச் அடிச்சுட்டு ஏறித்தான் 108-க்குப் பேசினார். நல்லபடியா முடிஞ்சுது. முடியாம போயிருந்தா?

அதுக்குக் காரணம் படம் இல்ல. படம் கதை சொல்லுச்சு. அதைத் தகவலாக்கி ஊருக்குள்ள கொண்டு வந்தது நான்.

போன பொங்கலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தாத்தாவுக்குச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்போ குருவி எங்கடா போச்சு?"ன்னார். நான் பதில் சொல்றதுக்குள்ள அவரே வீட்டை நிமிந்து பாத்தார். ஓட்டை எடுத்துட்டு தளம் போட்டது அவர்தான். ராகி அடிச்ச களத்துல இப்போ கொட்டகை. மறுநாள் ஒரு பழைய மண்பானைல ஓட்டை போட்டு, தாழ்வாரத்துல கட்டித் தொங்க விட்டார்.

இதுவரை குருவி வரல. அணில் ஒண்ணு குடி வந்திருக்கு.